ஒரே கடை, ஐந்து டம்ளர்!

மேற்குத் தாம்பரத்தில், சண்முகம் சாலையிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஒரு மாடி வீடு. மார்கழி மாத ஞாயிற்றுக்கிழமை, மாலை நாலு மணி. சாப்பாட்டு மேஜையில் ஐந்து எவர்சில்வர் டம்ளர்கள் வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு துண்டுச்சீட்டு ஒட்டியிருக்கிறது. எதில் என்ன எழுதியிருக்கிறது என்பது பேத்திக்கு மட்டும்தான் தெரியும்.

மேஜை முன் உட்கார்ந்திருப்பவருக்கு 72 வயது. தாம்பரம் மின்சார ரயில் பணிமனையில், அந்தப் பக்கத்துக்காரர்கள் சொல்கிறபடி கார்ஷெட்டில், வேலை பார்த்து 2011-ல் ஓய்வுபெற்றவர். கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் நடுவில் 1931-ல் ஓடத் தொடங்கிய மீட்டர்கேஜ் மின்சார ரயில்கள் 2004-ல் நின்றன. அதுவரை அவற்றின் மோட்டார்களோடு மல்லுக்கட்டியவர். மோட்டார் சுருள் கருகத் தொடங்கினால், மீட்டர் காட்டுவதற்கு முன்பே இவர் மூக்கு காட்டிவிடும் என்று உடன் வேலை பார்த்தவர்கள் சொல்வார்கள்.

அந்த மூக்குக்குத்தான் இன்று பரீட்சை.

காபி விஷயத்தில் அவர் ஒரு நீதிபதி. கல்யாண வீட்டுப் பந்தியில் முதல் வாய் உள்ளே போனதுமே, "நாப்பது சதவீதம் சிக்கரி" என்று தீர்ப்பு வந்துவிடும். சம்பந்தி வீடாக இருந்தாலும் தயவு கிடையாது. தீர்ப்புக்குப் பின்னால் ஒரு வாசகமும் தவறாமல் வரும். "நம்ம வீட்டுல சிக்கரிங்கிற பேச்சுக்கே இடமில்ல. பாதி பிளாண்டேஷன், பாதி பீபெரி. அவ்வளவுதான்."

மனைவி அப்போதெல்லாம் ஒன்றும் சொல்வதில்லை. காலி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவார்.

2021 மே மாதத்தில் வீட்டில் எல்லோருக்கும் கொரோனா வந்தது. அவருக்கு இரண்டு நாள் ஜுரம், கொஞ்சம் இருமல், அவ்வளவோடு விட்டது. மூன்றாம் நாள் காலை காபியை வாயில் வைத்தவர், டம்ளரை ணங்கென்று கீழே வைத்தார்.

"ஏம்மா, தூளை மாத்திட்டியா?"

மனைவி பதில் சொல்லவில்லை. முகம் மட்டும் வெளிறியது. காய்ச்சலின் களைப்பு என்று அவர் நினைத்துக்கொண்டார்.

டம்ளரில் இருந்தது சூடு, கசப்பு, தித்திப்பு. அதற்கு மேல் ஒன்றுமே இல்லை. பிறகு ஊதுபத்தி மணக்கவில்லை. கற்பூரமும் மணக்கவில்லை. அடுப்பில் பால் பொங்கிக் கருகியபோது அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

நாக்குக்குத் தெரிந்தது ஐந்தே சுவைகள்தான். இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, கூடவே உமாமி என்கிற இறைச்சிச் சாறு போன்ற சுவை. மற்றதெல்லாம் மூக்கின் வேலை. வாயில் போட்டதன் மணம் தொண்டையின் பின்பக்கமாக மூக்குக்கு ஏறும்போதுதான் காபி காபியாகிறது, ரசம் ரசமாகிறது. அந்த வழி அடைபட்டால் எந்தக் காபியும் கசப்பு வெந்நீர்தான்.

இரண்டு மாதம் கழித்து மூக்கு திரும்பியது, ஆனால் தப்பாகத் திரும்பியது. காபி டிகாக்‌ஷன் எரிந்த ரப்பர் போல நாறியது. வறுத்த பூண்டும் வெங்காயமும் குமட்டின. இவருக்கு மட்டும் நேர்ந்த விசித்திரம் இல்லை இது. கொரோனாவுக்குப் பின் இப்படி வாசனை திரிந்துபோனவர்களில் பலருக்குக் காபிதான் முதல் எதிரி. இங்கிலாந்தின் ரீடிங் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2022-ல் அதற்கான வேதிப்பொருள்களையும் அடையாளம் காட்டினார்கள். அதில் முன்னால் நின்றது, வறுத்த காபிக்கு அதன் மணத்தையே தருகிற, கந்தகம் கலந்த ஒரு சேர்மம். ஆளை மயக்கிய அதே பொருள் ஆளை விரட்டவும் செய்தது.

அந்த வீட்டில் ஃபில்டர் கவிழ்ந்தே கிடந்தது. மனைவி தன் காபியைப் பக்கத்து வீட்டில் போய்க் குடித்துவிட்டு வந்தார். காலை ஐந்தரைக்கு அவர் சுக்கு வெந்நீரை வைத்துக்கொண்டு பால்கனியில் உட்கார்ந்திருப்பார். ரயில் சத்தம் கேட்கும். பேசமாட்டார். நாற்பது வருஷம் காலையில் அவரை எழுப்பிவிட்ட ஒன்று போய்விட்டது. அது வெறும் காபிதானே என்று வெளியில் சொல்லவும் வெட்கமாக இருந்தது.

குரோம்பேட்டையில் ஒரு காது மூக்கு தொண்டை மருத்துவர் ஒரு பயிற்சி சொன்னார். ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, நீலகிரித் தைலம். நாலு வாசனை, நாலு சின்ன பாட்டில். காலையும் இரவும் ஒவ்வொன்றையும் கொஞ்ச நேரம் முகர வேண்டும், அந்த மணம் எப்படி இருந்தது என்று மனதில் நினைத்துக்கொண்டே. ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் தாமஸ் ஹும்மல் என்ற மருத்துவர் குழு 2009-ல் இந்த நாலு மணங்களை வைத்துத்தான் 12 வாரப் பயிற்சியைச் சோதித்துக் காட்டியது. எல்லோருக்கும் பலன் தரும் என்று உத்தரவாதம் கிடையாது. ஆனால் செலவும் கிடையாது, கெடுதலும் கிடையாது.

பூஜை அலமாரியின் ஓரத்தில் நாலு பாட்டில்கள் இடம்பிடித்தன. 12 வாரம் என்றார்கள், அவர் எட்டு மாதம் செய்தார். முதலில் கிராம்பு வந்தது. பிறகு எலுமிச்சை. அடுத்த வருஷத்து ஆடி மாதத்தில் ஒரு நாள், வீதியில் போகும்போது காபித்தூள் கடையின் வறுவல் மணம் வந்தது. அது ரப்பர் இல்லை, காபிதான். அவர் கடை வாசலிலேயே கொஞ்ச நேரம் நின்றார்.

காபி திரும்பிவிட்டது. ஆனால் சந்தேகம் போகவில்லை. 'முழுசா வந்துடுச்சா? பழைய மூக்கு தானா?' கல்யாண வீடுகளில் தீர்ப்பு சொல்வதை அவர் நிறுத்திவிட்டார். யாராவது கேட்டால், "நல்லா இருக்கு" என்பார். அதைக் கேட்டு உறவினர்கள்தான் பயந்துபோனார்கள்.

இந்த நேரத்தில்தான் கிளாஸ்கோவில் வேலை பார்க்கும் மகனின் வீடியோ கால் வந்தது. அலுவலக நண்பர்களோடு ஒரு விஸ்கி வடிசாலையைப் பார்க்கப் போயிருக்கிறான். அப்பாவுக்குக் குடி ஆகாது என்று தெரியும். ஆனாலும் வாய்தவறிச் சொல்லிவிட்டான்.

"எவ்வளவு குடிச்ச?"

"குடிக்கறது இல்லப்பா. ருசி பாக்கறது. ஒரே வடிசாலையில செஞ்ச அஞ்சு விஸ்கி. அஞ்சு கிளாஸ்ல கொஞ்சூண்டு கொஞ்சூண்டு ஊத்தி வரிசையா வைப்பாங்க. முதல்ல நிறத்தைப் பாக்கணும். அப்புறம் மூக்குல வைக்கணும். கடைசியிலதான் வாய்."

"மூக்குலயா?" அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

மகனுக்கு தைரியம் வந்துவிட்டது, விளக்கினான். ஸ்காட்லாந்தில் சிங்கிள் மால்ட் என்றால் ஒரே வடிசாலையின் சரக்காக இருக்க வேண்டும். முளைகட்டிய பார்லி, தண்ணீர், ஈஸ்ட் இவ்வளவுதான் மூலப்பொருள். ஓக் மரப் பீப்பாயில் குறைந்தது மூன்று வருஷம் கிடக்க வேண்டும். வடித்து இறக்கும்போது அது தண்ணீர் போல நிறமில்லாமல் இருக்கும். பிறகு வருகிற ருசியில் பெரும்பங்கு பீப்பாய் கொடுப்பது. ஷெர்ரி ஒயின் இருந்த பீப்பாயில் போட்டால் ஒரு மணம், அமெரிக்க பர்பன் இருந்ததில் போட்டால் வேறு மணம். அதே பார்லி, அதே தண்ணீர், ஆனால் 12 வருஷத்து விஸ்கியும் 18 வருஷத்து விஸ்கியும் அண்ணன் தம்பி மாதிரி. ஜாடை ஒன்று, குணம் வேறு. பீப்பாயிலிருந்து வருஷத்துக்கு சுமார் இரண்டு சதவீதம் ஆவியாகிப் போய்விடும். அதற்கு 'தேவதைகளின் பங்கு' என்று பெயர்.

"நம்ம பெங்களூரு அம்ருத் கம்பெனி சிங்கிள் மால்ட் 2004-ல இதே கிளாஸ்கோவுலதான்ப்பா முதல்ல அறிமுகம் ஆச்சு. பெங்களூரு சூட்டுல ஆவியாகறது இதைவிடப் பல மடங்கு. அதனால அங்க சீக்கிரமே பக்குவத்துக்கு வந்துடுமாம்."

"அது இருக்கட்டும். ஒன்னை மட்டும் குடிச்சா வித்தியாசம் தெரியாதா?"

"தெரியாதுப்பா. தனியா குடிச்சா எல்லாம் நல்லாத்தான் இருக்கும். பக்கத்துல பக்கத்துல வச்சாத்தான் ஒன்னு என்ன, இன்னொன்னு என்னன்னு பிடிபடுது."

அன்று இரவு அவர் சரியாகத் தூங்கவில்லை. மறுநாள், கிறிஸ்தவக் கல்லூரியில் வேதியியல் படிக்கும் மகள் வயிற்றுப் பேத்தியை சேலையூரிலிருந்து வரச்சொன்னார்.

"கண்ணு, நம்ம கடையில இருக்கறதை எல்லாம் தனித்தனியா வாங்கிட்டு வா. எதுல எது இருக்குன்னு எனக்குச் சொல்லாத. நான் சொல்றேன்."

கடை என்றால், கொட்டையை அங்கேயே வறுத்து, கேட்ட கலவையில் அரைத்து, சூடு ஆறுவதற்குள் பொட்டலம் கட்டிக் கொடுக்கிற கடை. அவர் எழுதிக் கொடுத்த பட்டியலில் நாலு இருந்தன.

முதலாவது பிளாண்டேஷன் ஏ. பழத்தின் தோலையும் சதையையும் நீக்கிக் கழுவி உலர்த்திய அராபிகாவுக்குச் சந்தையில் பிளாண்டேஷன் என்று பெயர், ஏ என்பது கொட்டையின் அளவு. இரண்டாவது பீபெரி. காபிப் பழத்துக்குள் வழக்கமாக இரண்டு விதைகள் தட்டையான முகங்களை ஒட்டிக்கொண்டு இருக்கும். சில பழங்களில் ஒன்றுதான் தங்கும், அது பட்டாணி போல உருண்டுவிடும். அதைத் தனியாகப் பொறுக்கி விற்பதுதான் பீபெரி. மூன்றாவது ரொபஸ்டா. அராபிகாவைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு காஃபீன் உள்ளது, கசப்பும் முரட்டுத்தனமும் அதிகம். நாலாவது 'நம்ம வீட்டுத் தூள்', பாதி பிளாண்டேஷன், பாதி பீபெரி. எல்லாம் ஐம்பது ஐம்பது கிராம்.

கடைக்காரர் பட்டியலைப் படித்துவிட்டு, "கார்ஷெட் சார் வீட்டுப் பாப்பாவா? இந்தக் கடைசிப் பொட்டலத்துல வழக்கம்போல இருபது சதவீதம் சிக்கரி போட்டுடவா?" என்றார்.

பேத்தி ஒரு நிமிடம் விழித்தாள். "சிக்கரியா? எங்க வீட்டுக்கா?"

"பாட்டி எப்பவும் அப்படித்தானே வாங்குவாங்க?"

ஓரமாக நின்று பாட்டிக்கு போன் செய்தாள். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "ரெண்டையும் வாங்கிட்டு வா" என்று மட்டும் பாட்டி சொன்னார். அப்படித்தான் நாலு ஐந்தானது.

ஐந்து தூளுக்கு ஐந்து ஃபில்டர் வேண்டும். வீட்டில் இருந்தது மூன்று. அதில் ஒன்று மாமியார் காலத்துப் பித்தளை. "எல்லாம் ஒரே மாதிரி இருக்கணும்" என்று பேத்தி பித்தளையை ஒதுக்கிவிட்டாள். அக்கம்பக்கத்தில் மூன்று எவர்சில்வர் ஃபில்டர்கள் இரவல் வந்தன. கேக் செய்ய வாங்கிய எடை மெஷினில் ஒவ்வொன்றுக்கும் 20 கிராம் தூள், 100 மில்லி கொதிநீர். மூடிவைத்து, எல்லாம் சொட்டி இறங்கும்வரை யாரும் தட்டக் கூடாது என்று உத்தரவு.

முதல் சுற்று பால், சர்க்கரை இல்லாமல். அவர் முகம் சுளித்தார். "பால் இல்லாத காபியா? கஷாயம்னு சொல்லு."

"உலகம் பூரா காபி டேஸ்டர்ஸ் அப்படித்தான் பாப்பாங்க தாத்தா. பெங்களூரு காபி போர்டுல தரக்கட்டுப்பாட்டு இயக்குநரா இருந்த சுனாலினி மேனன் மாதிரி ஆளுங்க ஒரு ஸ்பூன்ல எடுத்து சத்தமா உறிஞ்சித்தான் ருசி பாப்பாங்க. உறிஞ்சும்போது காபி வாய்க்குள்ள தெளிச்ச மாதிரி பரவும், மணம் மூக்குக்கு ஏறும்."

"கேட்டியாம்மா?" என்று அவர் சமையலறைப் பக்கம் குரல் கொடுத்தார். "உறிஞ்சக் கூடாது, உறிஞ்சக் கூடாதுன்னு நாப்பது வருஷமா சொன்னியே!"

ஸ்பூனில் எடுத்தார். முகர்ந்தார். உறிஞ்சினார். மூன்றாவது டம்ளரில் யோசனையே இல்லை. "இது ரொபஸ்டா. கட்டை எரிச்ச வாசனை. நாக்குல ஒட்டிக்கிட்டு இறங்க மாட்டேங்குது." பேத்தி சீட்டைப் பார்த்தாள். சரி. அவர் முகத்தில் இரண்டரை வருஷமாகக் காணாத ஒரு வெளிச்சம்.

அடுத்த இரண்டில் தடுமாறினார். ஒன்றில் மெல்லிய புளிப்பு, இன்னொன்றில் கொஞ்சம் கனம். பிளாண்டேஷன் என்று அவர் சொன்னது பீபெரி. பீபெரி என்று சொன்னது பிளாண்டேஷன். "பரவால்ல தாத்தா. ரெண்டுமே அராபிகா. கண்டுபிடிக்கறது கஷ்டம்" என்றாள் பேத்தி. அவர் தலையசைத்தார். தோற்றதில் அவருக்கு வருத்தம் இல்லை. இரண்டும் வேறு வேறு என்று தெரிந்ததே, அதுவே போதும்.

மிச்சம் இரண்டு டம்ளர்கள். அவற்றைப் பாலோடு பார்க்கலாம் என்று அவரே சொன்னார். ஒரே அளவு டிகாக்‌ஷன், ஒரே அளவு பால், ஒரே அளவு சர்க்கரை. பேத்தி ஆற்றிக் கொண்டுவந்து வைத்தாள். மனைவி இப்போது சமையலறை வாசலில் வந்து நின்றார். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார், கையில் ஈரம் இல்லாமலேயே.

ஒன்றைக் குடித்தார். "நல்ல காபிதான். ஆனா பாலுக்கு முன்னாடி நிக்கல. யாரோ அவசரத்துல போட்ட மாதிரி இருக்கு."

மற்றதைக் குடித்தார். கண்ணை மூடினார். இரண்டாவது வாய் குடித்தார்.

"இதுதான். இதுதான் நம்ம வீட்டுக் காபி. ஏம்மா, மூக்கு வந்துடுச்சு!"

பேத்தி டம்ளரைத் திருப்பவில்லை. பாட்டியைப் பார்த்தாள். பாட்டியே வந்து டம்ளரைத் தூக்கி, அடியில் இருந்த சீட்டை எடுத்து அவர் முன்னால் வைத்தார். 'பிளாண்டேஷன் 40, பீபெரி 40, சிக்கரி 20.'

மின்விசிறி சுற்றும் சத்தம் மட்டும் கேட்டது.

"எத்தனை வருஷமா?"

"நீங்க ரிட்டயர் ஆன வருஷத்துல இருந்து."

2011. அந்த வருஷம் உலகச் சந்தையில் ஒரு பவுண்டு அராபிகா 3 டாலரைத் தாண்டியது, 1997-க்குப் பிறகு காணாத உயரம். தாம்பரம் கடையிலும் விலை ஏறியது. வீட்டிலோ சம்பளம் நின்று பென்ஷன் வந்த வருஷம். மகனின் படிப்புக் கடன் வேறு.

"காபியைக் குறைங்கன்னு சொல்ல மனசு வரல. இருபது சதவீதம் போட்டு ஒரு நாள் குடுத்தேன். 'இன்னிக்குக் காபி பிரமாதம்'னீங்க. அப்படியே விட்டுட்டேன்."

"கடன் அடைஞ்சப்புறம் மாத்தியிருக்கலாமே?"

"மாத்தினேனே. ஒரு மாசம் சிக்கரி இல்லாம வாங்கினேன். 'என்னம்மா, காபி தண்ணியா இருக்கு'ன்னு தினமும் சண்டை. திரும்ப மாத்திட்டேன்."

பேத்திக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். பாட்டி சிரிக்கவில்லை.

"கொரோனா வந்தப்ப, 'தூளை மாத்திட்டியா'ன்னு கத்தினீங்களே. பத்து வருஷம் கழிச்சுக் கண்டுபிடிச்சுட்டாரேன்னு எனக்கு உசுரே போயிடுச்சு. அப்புறம்தான் தெரிஞ்சுது, உங்களுக்கு வாசனையே போயிடுச்சுன்னு. அதுக்கு இதுவே தேவலாம், கண்டுபிடிச்சுத் திட்டியே இருக்கலாம்னு சாமிகிட்ட அழுதேன்."

அவர் ஒன்றும் சொல்லாமல் எழுந்து பால்கனிக்குப் போனார்.

அந்த இடைவெளியில் பேத்தி ஒரு கண்ணாடி டம்ளரில் பச்சைத் தண்ணீர் பிடித்து, வீட்டுத் தூளில் ஒரு சிட்டிகை தூவினாள். காபித்தூள் மேலே மிதந்தது. சிக்கரி மட்டும் பழுப்புக் கோடு இழுத்துக்கொண்டு கீழே இறங்கியது. உணவுப் பாதுகாப்பு ஆணையம் வீட்டிலேயே செய்து பார்க்கச் சொல்லும் எளிய சோதனை அது. பன்னிரண்டு வருஷத்தில் எந்தக் காலையிலும் அரை நிமிடத்தில் தெரிந்திருக்கும் உண்மை. வாய் சொன்னதை நம்பியதால் யாரும் தண்ணீரைக் கேட்கவில்லை.

"பாட்டி, இது ஒன்னும் தப்பு இல்ல" என்றாள். சிக்கரி ஒரு செடியின் வேர். குஜராத்திலும் உத்தரப்பிரதேசத்திலும் விளைவது. அதில் காஃபீன் கிடையாது. வேரில் உள்ள இனுலின் என்ற மாவுச்சத்து போன்ற பொருள் வறுபடும்போது கருகிய சர்க்கரையின் தித்திப்பும் நிறமும் கொடுக்கிறது. நெப்போலியன் காலத்தில் காபி கிடைக்காமல் தவித்த பிரெஞ்சுக்காரர்கள் இதைப் பிடித்துக்கொண்டார்கள். பால் சேர்க்கும் காபியில் அது ஒரு கனத்தைக் கொடுக்கும். கலவைத் தூளில் குறைந்தது 51 சதவீதம் காபி இருக்க வேண்டும், எவ்வளவு சிக்கரி என்று பாக்கெட்டில் எழுத வேண்டும் என்பதுதான் சட்டம். எழுதிவிட்டால் அது கலவை. எழுதாமல் விட்டால்தான் கலப்படம்.

"நான் எழுதலையே" என்றார் பாட்டி.

பால்கனியிலிருந்து அவர் திரும்பி வந்தார். காலி டம்ளரை நீட்டினார்.

"அந்த டிகாக்‌ஷன் பாக்கி இருக்கா?"

"எது?"

"பிரமாதம்னு சொன்னது."

இரவு மகன் போன் செய்தான். "என்னப்பா, எது ஜெயிச்சுது?" அப்பா கொஞ்சம் யோசித்தார். "உன் படிப்புக் கடன்தான் ஜெயிச்சுது" என்று சொல்லிவிட்டு போனை மனைவியிடம் கொடுத்தார்.

தை பிறந்ததும் அவரே கடைக்குப் போனார். அவருக்கு முன்னால் நாலைந்து பேர், அதில் இரண்டு பேர் கார்ஷெட்டின் பழைய சகாக்கள். கடைக்காரர் தயங்கித் தயங்கி, "சார், உங்களுக்கு..." என்று இழுத்தார்.

"அரைக் கிலோ. பிளாண்டேஷனும் பீபெரியும் சமமா. இருபது சதவீதம் சிக்கரி."

நண்பர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் பாக்கெட்டை வாங்கி மூக்கருகே வைத்தார். சூடு இன்னும் ஆறவில்லை.

"தம்பி, கவர் மேல எழுதிக் குடு" என்றார். "எண்பது - இருபதுன்னு. வீட்டுல டப்பாவுல ஒட்டணும்."